ஹரமுக்கு எத்தனை மீட்டர்?

முத்துப்பேட்டையில் உம்ரா குரூப்பில் சேருகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகத்தை நம்பித்தான் சேருகிறார்கள். போய் வந்த மாமி ஒருவர் சொல்லியிருப்பார்; ஜும்ஆ முடிந்து வரும்போது யாராவது நோட்டீஸைக் கையில் திணித்திருப்பார். அழைத்துப் போகிறவர் தகப்பனாருக்குக் கூட்டாளியாகவோ சம்பந்தி வீட்டு உறவாகவோ இருப்பார். அவரிடம் போய் "ரசீது குடுங்க காக்கா" என்று கேட்க நாக்கு கூசும். வில்லங்கம் அந்தக் கூச்சத்தில்தான் தொடங்குகிறது.

கூச வேண்டியதில்லை. குர்ஆனின் மிக நீளமான வசனமே, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்வதுதான்.

ஹஜ்ஜுக்கு இந்தியாவின் ஒதுக்கீடு 2024இல் 1,75,025 பேர். ஹஜ் கமிட்டி, குலுக்கல், அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களின் பட்டியல் என்று அதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. உம்ராவுக்குக் குலுக்கல் கிடையாது. ஹஜ் காலம் நீங்கலாக எந்த மாதமும் புறப்படலாம். ஆகவே அழைத்துப் போகிறவர் யார், எதைத் தருகிறார் என்று பார்க்கும் வேலை போகிறவர் தலையில் விழுகிறது.

நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டியது, மக்காவில் கஅபா இருக்கும் பள்ளிவாசலான ஹரமுக்கு ஹோட்டல் எவ்வளவு தூரம் என்பது. "ஹரமுக்கு அருகில்" என்பது ஒரு பேச்சே அல்ல. ஹோட்டலின் பெயர், அது அஜ்யாதிலா மிஸ்ஃபலாவிலா, பஸ் ஏறிப் போக வேண்டிய அஸீஸியாவிலா, வாசலிலிருந்து நடை எத்தனை மீட்டர் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அறை கிடைத்தால், ஐந்து வேளையும் ஹரமில் தொழ நினைக்கும் முழங்கால் வலிக்காரருக்கு ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர் நடை. அறைக்கு எத்தனை பேர், சாப்பாடு எத்தனை வேளை, ஜியாரத் பஸ் கட்டணத்தில் சேர்ந்ததா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடலாம். மதீனாவில் நபியின் பள்ளிவாசலில் உள்ள ரவ்ளாவுக்குள் நுழைய நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியம்மாவுக்கு அதை யார் செய்து தருவார் என்பதையும் ஊரிலேயே பேசி முடிப்பது நல்லது.

விசா விஷயத்தில் தயவு தாட்சண்யமே கூடாது. "விசிட் விசாவில் போய் அப்படியே ஹஜ்ஜும் முடித்துவிடலாம்" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிட வேண்டும். 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் போனவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பஸ்ஸும் கிடைக்காமல் வெயிலில் நடந்தவர்கள் அவர்கள்தான். உயிர் தப்பினாலும் பிடிபட்டால் 20,000 ரியால் வரை அபராதம் உண்டு.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஜித்தாவில் வேலை பார்க்கும் மகனுக்கென்று குருமா மசாலா அரைத்துக் கொண்டுபோகிற அம்மாக்கள் கசகசாவைச் சேர்க்கக் கூடாது. நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பொருள் சவுதியில் தடை செய்யப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குத் தரும் ப்ரீகபலினும், வலிக்குத் தரும் ட்ரமடாலும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டாக்டரின் சீட்டு கையில் இருப்பதோடு, அந்நாட்டு மருந்துத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதியும் பெற வேண்டும். யாருடைய பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது, சொந்தக்காரர் தந்தாலும்தான். 2019இல் தேனிலவுக்குக் கத்தார் போன மும்பைத் தம்பதியிடம் உறவினர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் இருந்தது 4 கிலோ கஞ்சாப் பிசின். பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 2021இல்தான் விடுதலையாகி வந்தார்கள்.

2025 நவம்பர் 17 அதிகாலை. மதீனா அருகே டீசல் லாரியில் மோதி எரிந்த பஸ்ஸில் இருந்த ஹைதராபாத் உம்ரா பயணிகள் 46 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் 54 பேர்; நான்கு பேர் காரில் தனியாகப் போயிருந்தார்கள், நான்கு பேர் மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். எந்த பஸ்ஸில் யார் ஏறினார் என்ற பெயர்ப் பட்டியல் தினமும் வாட்ஸப்பில் ஊருக்கு வர வேண்டும் என்று குரூப் தலைவரிடம் கேட்க இந்த ஒரு விபத்தே போதும். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள் மூன்றின் நகலும் வீட்டில் ஒரு செட் இருக்கட்டும். சட்டைப் பையில் அரபியில் ஹோட்டல் பெயர் அச்சிட்ட கார்டு இருந்தால் கூட்டத்தில் தவறினாலும் வழி கிடைத்துவிடும். மக்கா, மதீனா இரண்டிலும் அவசர எண் 911. இந்தியர்களுக்கு ஜித்தாவில் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

திரும்பி வந்தபின் சொன்ன ஹோட்டல் தரவில்லை, பாதிச் சாப்பாடு இல்லை என்று பள்ளிவாசல் திண்ணையில் புலம்பிக் கலைவதுதான் வழக்கம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கைப் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முத்துப்பேட்டைக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம், திருவாரூர் நுகர்வோர் ஆணையம் போதும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் வாங்கிய உள்ளூர் ஏஜென்டையும் சென்னை நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாகக் காட்டலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது போலீஸ் வழக்கு. மாவட்டக் குற்றப்பிரிவில் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் வரி பிடித்திருந்தால், அது பயணியின் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்பப் பெறலாம். ஏறவில்லை என்றால் அந்த வரிப் பணம் எங்கே போனது என்று காக்காவிடம் கேட்கலாம். நுகர்வோர் வழக்குப் போட அவகாசம் இரண்டு ஆண்டுகள்.