தையல் நூலில் ஆடும் பட்டம்

ஜெர்மனியில் பேஸ்பாலா என்று முதலில் வியப்பவர்கள் ஜெர்மானியர்கள்தான். அங்கே பந்து என்றால் கால்பந்து. புண்டஸ்லிகா என்றதும் பாயர்ன் மியூனிக்கை நினைத்துக்கொள்ளும் ஊரில், அதே பெயரில் 1984 முதல் ஒரு பேஸ்பால் லீக்கும் நடந்துவருவது பக்கத்துத் தெருக்காரருக்கே தெரிவதில்லை. வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகள். கோடை முழுக்க வாரக் கடைசிகளில் ஆடி, முந்தி வந்தவர்கள் கடைசியில் இறுதித் தொடருக்கு வந்து சேருவார்கள். வழக்கமாக ஐந்து ஆட்டங்கள். முதலில் மூன்றை வெல்பவருக்குப் பட்டம்.

அண்மைக் காலத்தில் இந்தப் பட்டத்துக்கு அதிகம் உரிமை கொண்டாடியவை இரண்டு ஊர்கள். வடக்கிலிருந்து பான். மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பழைய பெருமையை அணியின் பெயரிலேயே வைத்திருக்கிறது: பான் கேபிடல்ஸ். ரைன் ஆற்றங்கரையின் ரைனாவ் பகுதியில் அவர்களுடைய மைதானம். தெற்கிலிருந்து ஹைடன்ஹைம். ஸ்வாபிய மலைப்பகுதியில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வாழும் சிற்றூர், அணியின் பெயர் ஹைடெகொப்ஃபெ. 2017 முதல் 2021 வரையிலான ஐந்து பட்டங்களில் நான்கு ஹைடன்ஹைமுக்குப் போனது. நடுவே 2018இல் மட்டும் பான் தட்டிப் பறித்தது.

இந்த இரண்டு அணிகளும் மறுபடி ஒரு தொடரில் மோதினால் யார் வெல்வார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த இடத்தில் வெல்வார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். பந்தெறிபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளருக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும் தட்டுக்கும் நடுவில் 18.44 மீட்டர் தூரம் இருக்கிறது. தொடர் அங்கேதான் முடிவாகும்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. கிரிக்கெட்டில் எல்லாப் பந்துமே ஃபுல் டாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டு எழும்புவது, பிளவில் விழுந்து திரும்புவது, ஈரத்தில் வழுக்குவது என்று ஒன்றும் கிடையாது. பந்தெறிபவரை, அதாவது பிட்சரை, ஆடுகளம் முழுமையாகக் கைவிட்டுவிட்டது. அவருக்கு மிஞ்சிய துணை காற்று ஒன்றுதான். மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடையே, 43 செ.மீ. அகலத் தட்டின் மேலாகப் பந்து போக வேண்டும். மூன்று முறை ஏமாற்றிவிட்டால் அவர் வெளியே. கேட்பதற்கு மட்டையாளருக்குக் கொண்டாட்டம் போலத் தோன்றும். ஆனால் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை பந்தைச் சரியாக அடித்து ஓடிவிட்டாலே அவரை நல்ல மட்டையாளர் என்கிறார்கள். மற்ற ஏழு முறையும் காற்றையும் விரல்களையும் கூட்டுச் சேர்த்து அவரை வீழ்த்துகிற வித்தை என்ன என்பதுதான் கேள்வி.

பந்திலிருந்து தொடங்குவோம். 142 முதல் 149 கிராம் எடை, சுற்றளவு 23 செ.மீ. சொச்சம். நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த உருண்டை. அதன்மேல் இறுக்கமாகச் சுற்றிய கம்பளி நூல். அதற்கு மேல் எட்டு என்ற எண்ணின் வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல்கள் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். அவற்றை மெழுகு தடவிய சிவப்பு நூலால் கையால் தைக்கிறார்கள். மொத்தம் 108 இரட்டைத் தையல்கள். நம் ஊர் ஜபமாலையின் எண்ணிக்கை. தற்செயல்தான் என்றாலும், களத்தில் இந்தப் பந்தை விரல்கள் உருட்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது ஜபம் போலத்தான் இருக்கும். உருட்டுவதற்குக் காரணம் உண்டு. கையுறைக்குள் மறைத்தபடியே விரல் நுனிகள் தையலைத் தேடுகின்றன. எந்த மேட்டில் ஆள்காட்டி விரல், எதில் நடுவிரல் என்பதை வைத்துத்தான் பந்து எப்படிச் சுழலும் என்று தீர்மானமாகிறது.

சுழலும் பந்து ஏன் வளைகிறது? இதற்குப் பதில் சொன்னவர் பேஸ்பால் பார்த்தவரே அல்லர். ஹைன்ரிஷ் குஸ்டாவ் மாக்னுஸ், 1802இல் பெர்லினில் பிறந்து அங்கேயே பேராசிரியராக இருந்த இயற்பியலாளர். குப்ஃபெர்கிராபென் கால்வாயோரத்தில் இருந்த அவருடைய வீட்டில் கூடிய இளைஞர்களிடமிருந்துதான் 1845இல் ஜெர்மன் இயற்பியல் கழகமே முளைத்தது. அவர் காலத்தில் படைக்காரர்களுக்கு ஒரு தலைவலி. பீரங்கியிலிருந்து சுழன்றபடி போகும் குண்டு, குறிவைத்த கோட்டில் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கியது. மாக்னுஸ் ஒரு பித்தளை உருளையை எடுத்தார். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போலக் கயிற்றால் அதைச் சுழலவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து காற்றை வீசச் செய்தார். உருளை சுழலாதபோது காற்று அதைப் பின்னால் மட்டுமே தள்ளியது. சுழன்றபோது பக்கவாட்டிலும் நகர்ந்தது. 1852இல் இதை வெளியிட்டார். இன்று இதற்கு மாக்னுஸ் விளைவு என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அவர் தேடிய பீரங்கிப் புதிருக்கு இது பெரும்பங்கு விடையாக அமையவில்லை. நீளக் குண்டுகள் ஒதுங்குவதற்கு அவற்றின் பம்பரத்தன்மையே முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. குண்டுக்குப் பொருந்தாத விடை பந்துக்குப் பொருந்திவிட்டது.

நடப்பது இதுதான். பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். இந்தப் படலத்தைப் பற்றிய தெளிவும் ஒரு ஜெர்மானியரின் கொடைதான். லுட்விக் பிராண்டில் 1904இல் ஹைடல்பெர்க் மாநாட்டில் சொன்னது. பந்து சுழலும்போது ஒரு பக்கத்துப் பரப்பு எதிர்வரும் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. அங்கே படலம் பந்தை விடாமல் நெடுநேரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. மறுபக்கத்துப் பரப்பு காற்றை எதிர்த்து ஓடுவதால் அங்கே படலம் சீக்கிரமே பிய்ந்துகொள்கிறது. விளைவாக, பந்துக்குப் பின்னால் விடப்படும் காற்றின் வால் நேராக இல்லாமல் ஒரு பக்கம் திரும்பிவிடும். துடுப்பு தண்ணீரை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் போகுமே, அதுபோல வால் ஒரு பக்கம் போனால் பந்து எதிர்ப்பக்கம் போகிறது.

தையலுக்கு இங்கே என்ன வேலை? அந்தச் சிவப்பு மேடுகள் படலத்தைக் கலக்கிவிட்டு, இந்த விளையாட்டை நம்பகமானதாக்குகின்றன. முழுக்க வழவழப்பான ஒரு பந்தைச் சில வேகங்களில் சுழற்றி எறிந்தால், அது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பக்கம்கூட வளையும். தையல் இல்லாவிட்டால் பிட்சர் வித்தைக்காரராக இருக்க மாட்டார், சூதாடியாக இருப்பார்.

கிரிக்கெட்காரர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வேகப்பந்தாளரின் ஸ்விங் பெரும்பாலும் மாக்னுஸ் கணக்கில் வராது. அங்கே சாய்த்துப் பிடித்த தையலும் பளபளப்பான பக்கமும் சொரசொரப்பான பக்கமும் செய்யும் வேலை அது. சுழற்பந்தாளரின் பந்து தரைக்கு வரும் முன்பே காற்றில் மிதந்து விலகி, திடீரென்று தாழ்கிறதே, அதுதான் பேஸ்பாலின் நெருங்கிய உறவு. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தைச் சொடுக்கிப் பழகிய எவருக்கும் இது கைக்குத் தெரிந்த இயற்பியல்.

இனி எறிகளைப் பார்ப்போம். பிட்சர் 135 கி.மீ. வேகத்தில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை நீண்டு பந்தை விடுவதால் அது கடக்க வேண்டிய தூரம் 17 மீட்டருக்கும் குறைவு. அரை நொடிக்குள் வந்துவிடும். அதற்குள் ஈர்ப்பு விசை மட்டும் அதை ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இழுக்க வேண்டும். ஆனால் வேகப்பந்தை எறிபவர் விரல்களைப் பந்தின் பின்னால் கீழ்நோக்கி இழுத்து விடுகிறார். பந்து பின்னோக்கிச் சுழல்கிறது, நிமிடத்துக்கு 2,200 சுற்று என்ற கணக்கில். தட்டை அடைவதற்குள் பதினாறு பதினேழு முறை உருண்டிருக்கும். காற்றின் வால் கீழே திரும்ப, பந்து மேல்நோக்கித் தாங்கப்படுகிறது. நல்ல பிட்சரின் பந்து இதனால் 40 செ.மீ. வரை குறைவாகத் தாழும். அது மேலே ஏறுவதில்லை, குறைவாக விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் விழும் என்று எதிர்பார்த்த மட்டையாளரின் கண்ணுக்கு எழும்பியதாகவே தெரியும். மட்டை பந்துக்கு அடியில் காற்றைத் துழாவும்.

கர்வ் எனப்படும் வளைபந்து இதற்கு நேர் எதிர். விரல்கள் பந்தின் மேலாக முன்னோக்கி உருட்டிவிடுகின்றன. வேகம் குறைவு, ஆகவே ஈர்ப்புக்கு அதிக நேரம். அதோடு மாக்னுஸ் விசையும் இப்போது கீழே தள்ளுகிறது. மார்பு உயரத்தில் வருவது போலக் கிளம்பிய பந்து முழங்காலுக்குப் போய்ச் சேரும். கேண்டி கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர் சிறுவயதில் கடற்கரையில் கிளிஞ்சல்களை வீசி, அவை வளைவதைக் கண்டு இந்த யோசனைக்கு வந்ததாகவும், 1867இல் ஹார்வர்டு அணிக்கு எதிராக இதை முதலில் எறிந்ததாகவும் சொல்லிவந்தார். அதே 1867தான், தண்ணீரின் ஓட்டத்தை நம்பி விசையாழிகள் செய்யும் ஃபோய்ட் நிறுவனம் ஹைடன்ஹைமில் தோன்றியதாகக் குறிக்கப்படும் ஆண்டு. பந்தோ விசையாழியோ, ஓடும் பொருளைத் திருப்பிவிடுகிற தொழில்தான் இரண்டும்.

வளைவு என்பதே கண்ணின் மயக்கம் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் 1940களில் இதைப் பெரிய விவாதமாக்கின. கடைசியில் லைமன் பிரிக்ஸ் என்ற முதிய இயற்பியலாளர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, சுழலும் பந்துகளைக் காற்றுச் சுரங்கத்தில் விழவிட்டு அளந்து 1959இல் முடிவை வெளியிட்டார். பந்து 44 செ.மீ. வரைகூட விலகும் என்று கண்டார். மட்டையாளர்கள் நூறாண்டுகளாகப் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வகை ஸ்லைடர். என் விருப்பம் இது. துப்பாக்கிக் குண்டு போலத் தான் போகும் திசையையே அச்சாக வைத்துப் பெருமளவு சுழலும் பந்து. அச்சு அப்படி அமைந்தால் மாக்னுஸ் விசை ஏறக்குறைய இல்லாமல் போகும். தாங்கலும் இல்லை, தள்ளலும் இல்லை. வேகப்பந்து போலவே கிளம்பி, அந்தத் தாங்கல் இல்லாததால் கடைசியில் நழுவும். கூர்ந்த பார்வையுள்ள மட்டையாளருக்கு மட்டும் ஒரு துப்பு கிடைக்கும். சுழலும் தையல்கள் ஒரே இடத்தில் கூடி, வெள்ளைப் பந்தின் முகத்தில் சிவப்புப் பொட்டு வைத்தது போலத் தெரியும். பொட்டைப் பார்த்தால் ஸ்லைடர். பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குமேல் தாமதித்தால் மட்டையைச் சுழற்றவே நேரம் இருக்காது.

இந்தக் கணக்கோடு பானையும் ஹைடன்ஹைமையும் பாருங்கள். பான் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் கிடக்கும் ஆற்றங்கரை. ஹைடன்ஹைம் 500 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலியும். இந்த உயர வேறுபாட்டுக்கு 5 சதவீதம் என்று வரும். காற்று மெலிந்தால் மாக்னுஸ் விசையும் அதே அளவு மெலியும். 40 செ.மீ. நகர்ந்த பந்து ஹைடன்ஹைமில் 38 செ.மீ. நகரும். இரண்டு சென்டிமீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மட்டையின் மிகத் தடித்த இடம் 6.6 செ.மீ.தான், அதுவும் உருளை. நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விலகிப் பட்டால் நல்ல அடி வானத்தை நோக்கிய சோம்பலான கேட்சாக மாறிவிடும். ஆற்றங்கரையில் பழகிய பிட்சர் மலைக்கு வந்ததும் முதல் சில எறிகளில் தன் பந்து சரியாக மடங்கவில்லை என்று முகம் சுளிப்பது கற்பனை அல்ல. எதிரணிக்கும் அதே காற்றுதானே என்றால், ஆமாம். ஆனால் அவர்களுடைய பிட்சர் அதிலேயே வளர்ந்தவர்.

பொழுதும் ஒரு கை பார்க்கும். 30 பாகை வெயிலில் ஆடும் பகலாட்டத்தைவிட, 12 பாகைக்கு இறங்கிய மாலையில் காற்று 6 சதவீதம் அடர்த்தி கூடும். உயரம் பறித்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் குளிரில் விரல் மரத்துப்போகும், தையலின் பிடி தளரும். கோடை முடிவில் நடக்கும் தொடர்களில் இந்த இழுபறியை நான் மிகவும் ரசிப்பேன்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணி தோள்பட்டை. தொடக்க பிட்சர் ஓர் ஆட்டத்தில் நூறு பந்து வரை எறிவார். பிறகு அந்தக் கைக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். வாரக் கடைசியில் அடுத்தடுத்து ஆட்டங்கள் வரும் தொடரில், முதல் நாளே சிறந்த கையைச் செலவழிப்பதா, மறுநாளுக்கு வைத்திருப்பதா என்பது பயிற்சியாளரின் சூதாட்டம். களைத்த கையின் அடையாளம் வேகத்தில் மட்டும் தெரிவதில்லை. சுழற்சி குறைந்து, தாங்கல் குறைந்து, பந்து மட்டையின் நடுவுக்கு இறங்கத் தொடங்கும். என் கணிப்பைக் கேட்டால், இரண்டாவது பிட்சர் யாரிடம் நன்றாக இருக்கிறாரோ அவர்களுக்கே பட்டம் என்பேன். முதல் பிட்சர் இரண்டு பக்கமும் நன்றாகத்தான் இருப்பார்.

மாக்னுஸின் விசையைக் கப்பலுக்குப் பூட்டியவரும் ஒரு ஜெர்மானியர்தான். அன்டன் ஃப்ளெட்னர் 1924இல் கீல் நகரில், பாய்மரத்துக்குப் பதிலாகச் சுழலும் இரண்டு பெரிய உருளைகளை ‘புக்காவ்’ என்ற கப்பலில் நட்டார். அது 1926இல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கைத் தொட்டது. பேஸ்பால் பிறந்த மண்ணுக்கு வளைபந்தின் தத்துவம் கப்பலேறிப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதர்களும் அதே திசையில் போகிறார்கள். பெர்லினில் பாலே நடனக் கலைஞர்களுக்குப் பிறந்த மாக்ஸ் கெப்லர், ரேகன்ஸ்பர்கில் பயின்று, 2009இல் மின்னசோட்டா அணியோடு ஒப்பந்தமாகி, 2019இல் ஒரே பருவத்தில் 36 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார். சுழலைப் படிக்கத் தெரிந்த கண் ஜெர்மனியிலும் விளையும் என்பதற்கு அவர் சாட்சி.

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். உட்காரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பக்கவாட்டு இருக்கையிலிருந்து பார்த்தால் பந்து பக்கவாட்டில் எவ்வளவு விலகியது என்பது தெரியாது. மட்டையாளருக்குப் பின்னால் உள்ள வலைக்கு அப்பால் இடம் பிடியுங்கள். பந்தைத் துரத்த வேண்டாம். விக்கெட் கீப்பர் போல அங்கே இருக்கும் கேட்சரின் கையுறை முதலில் எங்கே காத்திருந்தது, பந்தைப் பிடித்தபோது எங்கே இருந்தது என்று மட்டும் பாருங்கள். பிட்சர் களைக்கத் தொடங்குவதைப் பயிற்சியாளருக்கு முன்பாகவே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.