ஒலுவில் மைதானத்தில் ஒரு மாலை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதங்கள் வீடுகளை நாடி வரும் காலத்தில், கல்லூரி ஆசிரியராகிய எம்மைத் தேடிப் பெற்றோர் பலர் வருவது வழக்கம். எந்தப் பாடநெறி என்ற கேள்வி தீர்ந்ததும், எந்த ஊர் என்ற கேள்வி எழும். பேராதனை என்றால் முகம் மலர்கின்றது. கொழும்பு என்றால் செலவுக் கணக்குத் தொடங்குகின்றது. ஒலுவில் என்றாலோ, ஒரு கணம் மௌனம் நிலவுகின்றது. "அங்கே பிள்ளை யாரோடு பழகுவான்? யார் அவனைப் பார்த்துக் கொள்வார்?" என்ற வினாக்கள் அதன் பின்னரே மெல்ல வெளிவருகின்றன.

இவ்வினாக்களுக்குக் கைந்நூல்களில் விடை கிடையாது. ஒரு பல்கலைக்கழக ஊரின் குணத்தை அறிய விரும்புவோர், விரிவுரை நடைபெறும் நாளைவிடப் பந்து உருளும் நாளில் அங்கே செல்வது நன்று என்பது எமது கட்சி. அண்மையில் ஒரு சனி ஞாயிறு நாம் ஒலுவிலில் தங்கி, பல்கலைக்கழக மாணவர் அணியொன்றுக்கும் ஊர் இளைஞர் அணியொன்றுக்கும் இடையே நடந்த நட்பு ரீதியான உதைபந்தாட்டத்தைக் கண்டு வந்தோம். அங்கு கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரியும் பந்தும்

கல்லூரி ஊர்களுக்கும் பந்தாட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, அமெரிக்காவில் நியூ பிரன்சுவிக் என்னும் ஊரில், ரட்கர்ஸ் கல்லூரி மாணவரும் பிரின்ஸ்டன் மாணவரும் அணிக்கு 25 பேராக நின்று ஆடினர். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதற்கு அன்று அனுமதி இல்லை. ஆதலால், இன்றைய அமெரிக்கப் பந்தாட்டத்தைவிட நம் நாட்டு உதைபந்தாட்டத்துக்கே அது நெருங்கிய உறவினதாக இருந்தது. ரட்கர்ஸ் 6 க்கு 4 என்று வென்றது. பார்க்க வந்தோர் ஏறக்குறைய நூறு பேரே. அவர்களுள் சிலர் வேலிமீது ஏறி அமர்ந்திருந்தனராம். அங்கிருந்து வளர்ந்த வழக்கம் இன்று எங்கே வந்து நிற்கின்றது என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் சான்று. ஆன் ஆர்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட அதன் அரங்கில் இப்பொழுது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். ஆட்டம் நிகழும் சனிக்கிழமைகளில் பெற்றோரும் பழைய மாணவரும் ஊராரும் ஒரே திசை நோக்கி நடப்பர்.

ஒலுவிலில் இலட்சம் ஆசனங்கள் இல்லை. நாம் கண்ட மைதானத்தில் ஆசனமே இல்லை. ஆயினும், ஊரும் கலாசாலையும் பெற்றோரும் ஓரிடத்தில் கூடும் அந்தக் காட்சி அங்கும் உண்டு.

கல்முனை வீதியில்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால் ஒலுவில். பஸ் வண்டியின் இடப்புறத்தே கடல் மறைந்தும் தோன்றியும் வர, வலப்புறத்தே வாவியும் அதன் பின் வயல்களும் தொடர்கின்றன. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, திரௌபதை அம்மன் கோயிலையுடைய பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே மாலையில் இரு நிறப் பூக்கள்போல் மாறி மாறி வருகின்றன. இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை இன்றும் பேசப்படுகின்றது. இரு சாராரும் வயற்பரப்பை வட்டை என்றே வழங்குகின்றனர்.

காரைதீவைக் கடக்கும்பொழுது ஒரு நினைவு தவிர்க்க முடியாதது. 1892இல் அவ்வூரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். பல்கலைக்கழகக் கல்விக்காகக் கடல் கடந்தும் மலை கடந்தும் சென்ற அந்தக் கரையில், சில கிலோமீற்றர் தெற்கே, இன்று ஒரு பல்கலைக்கழகமே எழுந்து நிற்கின்றது.

போர்க்காலத்துப் பிள்ளை

அது எழுந்த வரலாறு மகிழ்ச்சியானதன்று. 1990க்குப் பின் போரும் இனப்பகையும் வடக்குக் கிழக்கைப் பிளந்தபொழுது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயின்ற முஸ்லிம் மாணவர் பலர் தம் கல்வியைத் தொடர வழியின்றித் தவித்தனர். அவர்தம் குறையை அரசியல் மேடைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், அப்பொழுது அமைச்சராக இருந்த எம். எச். எம். அஷ்ரப். 1995ஆம் ஆண்டு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் ஒலுவில் வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. அஷ்ரப் அவர்கள் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். இன்று கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களோடு, சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் இயங்குகின்றது. ஒரு சமூகத்தின் துயரத்திற் பிறந்த இக்கலாசாலையில் இன்று மூவின மாணவரும் பயில்கின்றனர்.

அதே 1995இல் உதைபந்தாட்ட உலகிலும் ஒரு நற்செய்தி கிடைத்தது. கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் அடித்த ஒரே கோலினால் இலங்கை இந்தியாவை வென்றது. மறு ஆண்டே கிரிக்கெட் உலகக் கிண்ணமும் வந்து சேர, நாட்டின் கண்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. கிழக்குக் கரை இளைஞர் மட்டும் உதைபந்தைக் கைவிடவில்லை. ஒரு பந்தும் நான்கு கம்பங்களும் போதுமான விளையாட்டு, சிறு வருவாய்க் குடும்பங்கள் வாழும் கரைக்குப் பொருத்தமானதன்றோ?

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே

ஆட்டத்தின் நேரத்தை அங்கே கடிகாரம் தீர்மானிப்பதில்லை. அஸர்த் தொழுகை முடிந்து இளைஞர் பள்ளிவாசலிலிருந்து வெளிவந்ததும் ஆரம்பம். மஃரிப் பாங்கு ஒலிக்குமுன் முடிவு. ஆகவே பாதிக்கு 35 நிமிடங்கள் என்று வகுத்திருந்தனர். கச்சான் விற்பவரும் ஐஸ்பழ வண்டிக்காரரும் முன்னரே வந்து இடம்பிடித்திருந்தனர். ஆடவர் கோட்டோரம் நிற்க, பெண்கள் மைதானத்தை அடுத்த வீடுகளின் வேலியோரம் நாற்காலிகள் இட்டு அமர்ந்திருந்தனர்.

நாம் தங்கிய வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர். கொஞ்சம் வயலும் உடையவர். அவர் வீட்டு முன்னறைகளில் மாணவர் சிலர் வாடகைக்கு இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் அநுராதபுர மாவட்டத்துச் சிங்கள இளைஞர். மாணவர் அணியின் கோல் காப்பாளர். ஊர் அணியின் முன்வரிசை வீரரோ வீட்டுக்கார அம்மையாரின் உடன்பிறந்தார் மகன். அம்மையாரின் இக்கட்டை வாசகர்கள் உணர்ந்து கொள்ளலாம்.

ஊர் அணி முதலில் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் மூலை உதையொன்றைத் தலையால் முட்டி மாணவர் அணி சமன் செய்தது. மாணவர் அணியின் பேச்சு எம்மை வெகுவாகக் கவர்ந்தது. கோல் காப்பாளர், "விடு, விடு, நான் எடுக்கிறன்!" என்று தமிழிற் கூவுகின்றார். முல்லைத்தீவிலிருந்து வந்த தமிழ் மாணவர் "மகே, மகே!" என்று சிங்களத்தில் பந்தைத் தமதாக்குகின்றார். இருவருக்கும் பந்து கொடுக்கும் சாய்ந்தமருது மாணவர் இரு மொழியிலும் திட்டுகின்றார்! விடுதி உணவுச்சாலையில் மொழிக்கொரு மேசையாகப் பிரிந்து அமரும் பிள்ளைகளும் மைதானத்தில் அப்படி நிற்க இயலாது. பந்து வரும் வேகத்தில் அயலானின் மொழி வந்தே தீர வேண்டும்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் மத்தியஸ்தர் ஊர் அணிக்குத் தண்ட உதை வழங்கினார். உதைக்க வந்தவர் அம்மையாரின் மருமகன். காத்து நின்றவர் அவர் வீட்டு முன்னறைப் பிள்ளை. அம்மையார் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக் கொண்டார். பந்து இடப்புறம் பாய்ந்தது. காப்பாளரும் இடப்புறமே பாய்ந்து தட்டிவிட்டார். ஒரு நொடி அமைதி. பின்னர் கரவொலி எழுந்தது. எழுப்பியோர் ஊராரே! "ஆரு தோத்தாலும் நம்மட புள்ளதானே" என்று அம்மையார் அப்பொழுதுதான் முகத்தைத் திறந்தார். இறுதியில் ஊர் அணி இன்னொரு கோல் போட்டு 2 க்கு 1 என வென்றது. வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்கிக் கொண்டிருக்கையில் பாங்கு ஒலித்தது. ஐந்து நிமிடத்தில் மைதானம் வெறுமையாயிற்று.

இரு விவசாயிகள்

காப்பாளரின் தாய் தந்தையர் மகன் ஆடுவதைக் காண அன்று வந்திருந்தனர். மகன் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் ஒலுவிலுக்கு வருவது அதுவே முதல் தடவை. இரவு அதே வீட்டில் எல்லோருக்கும் விருந்து. எம்மைப் பார்த்து வீட்டுக்காரர், "சேர், இண்டைக்கு மச்சம் சாப்பிடுற நாள்தானே? இல்லாட்டி மரக்கறி வேறயா வெச்சிருக்கி" என்றார். சனிக்கிழமை விரதக்காரர் பலரை அறிந்தவர்போலும். "எமக்கு எல்லாம் ஆகும், காக்கா" என்றோம். சோறும் ஆணமும், பொரித்த மீனும், முடிவில் எருமைத் தயிரும் வட்டிலப்பமும் வந்தன.

வந்த தந்தைக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. மகன் நடுவில் அமர்ந்து மொழிபெயர்த்தார். முதலிற் பேச்சு ஓடவில்லை. நெல்லைப் பற்றிய சொல் வந்ததும் கதவு திறந்தது. கலாவெவ நீரை நம்பி விதைப்பவர் அவர். கல்லோயாத் திட்டத்து நீரை நம்பி விதைப்பவர் இவர். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டபொழுது விளைச்சல் வீழ்ந்த கதையை இருவரும் ஒரே பெருமூச்சோடு சொன்னார்கள்.

தாயார் சொன்ன செய்தி எம் நெஞ்சில் நின்றது. 2018 பெப்ரவரியில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்படுகின்றது என்ற பொய் வதந்தி அம்பாறை நகரில் பள்ளிவாசலையும் கடைகளையும் தாக்கும் வெறியாய் மாறிற்று. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. அவ்வாரத்திலேயே, அக்கொடியோர் சிலர் ஒளிந்திருந்த சாய்ந்தமருது வீடொன்றிலும் குண்டுகள் வெடித்துச் சிறு பிள்ளைகளும் மாண்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் மகனுக்கு ஒலுவில் என்று கடிதம் வந்தபொழுது அயலார் எல்லோரும் அனுப்ப வேண்டாம் என்றனராம். "அங்கே யார் சோறு போடுவார்கள் என்று அழுதேன்" என்றார் அந்தத் தாய். சொல்லிக் கொண்டிருக்கையிலேயே வீட்டுக்கார அம்மையார் அவர் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு இட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கரையும் கடற்கரை

ஞாயிறு காலையில் துறைமுகப் பக்கம் நடந்தோம். டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. வாயிலை மணல் வந்து மூடிற்று. அணைகள் மணலின் இயல்பான ஓட்டத்தைத் தடுக்க, வடபுறக் கரையைக் கடல் அரித்து, தென்னந்தோப்புகளையும் விழுங்கிற்று. கடற்கரை மணலே இவ்வூர்ச் சிறுவரின் முதல் மைதானம். வெறுங்காலோடு அங்கே பந்து பழகியவர்களே பின்னர் ஊர் அணிக்கு வருகின்றனர். கரை குறுகுவது மீனவரின் படகுக்கு மட்டும் நட்டமன்று. அருகே ஒரு பொறியியற் பீடமும் இருக்கின்றது. ஊரின் இந்த நோவை ஆராயும் மாணவர் அங்கிருந்து எழ வேண்டும் என்பது எமது அவா.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

ஒரு மாலை ஆட்டத்தினால் இனப்பகை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. திங்கட்கிழமை மேசைகள் மறுபடியும் பிரியக்கூடும். அடுத்த வதந்தியும் எங்கேனும் முளைக்கக்கூடும். ஆனால் வதந்தி வரும் நாளில், அந்த அநுராதபுரத்துத் தாய்க்கு ஒலுவிலில் ஒரு முகம் தெரியும். ஒலுவில் அம்மையாருக்கும் அங்கே ஒரு முகம் தெரியும். அறிந்த முகத்தைப் பற்றிய பொய்யை மனிதர் எளிதில் நம்புவதில்லை.

ஆதலால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கவலையோடு வீட்டிலிருக்க வேண்டாம். ஆட்டம் நடக்கும் ஒரு சனிக்கிழமை பார்த்து நேரிற் சென்று, பிள்ளை வாழும் வீட்டாரோடு ஒரு வேளை சோறு உண்டு வாருங்கள். மார்கழி மழைக்காலத்தைத் தவிர்ப்பது நலம். மைதானமும் வீதியும் அப்பொழுது நீரில் நிற்கும். மாணவருக்கும் ஒரு சொல். பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதற்குள் வளாகத்துக்கு வெளியேயும் சென்று, ஊர்ப் பிள்ளைகளோடு ஆடுங்கள், தோற்றாலும் ஆடுங்கள். எம்மிடம் இனி வரும் பெற்றோர் "ஒலுவிலா?" என்று தயங்கினால், அவர்களுக்கு நாம் சொல்லப் போவது, அஸருக்குப் பின் மைதானத்துக்குச் சென்று பாருங்கள் என்பதே.