மிதிவண்டிக்குள் கணிதம்

அன்றாடம் நாம் கையாளும் பொருள்களின் வடிவம் தற்செயலாக அமைவதன்று. அளந்தும் கணக்கிட்டும் அமைக்கப்படுவது. அப்பணியைச் செய்வோர் தொழில்துறை வடிவமைப்பாளர் ஆவர். கள்ளிக்குப்பத்தை உள்ளடக்கிய அம்பத்தூர்ப் பகுதியில், முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949ஆம் ஆண்டு மிதிவண்டித் தொழிலைத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு விலையின்றி வழங்குவதும் மிதிவண்டியே. அதனையே சான்றாகக் கொண்டு, வடிவமைப்பில் கணிதம் பெறும் இடத்தைக் காண்போம்.

முதலாவது, விகிதம். சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. எனில், சுற்றளவு ஏறத்தாழ 220 செ.மீ. ஆகும். முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது பின்சக்கரம் 2.44 முறை சுழலும்; வண்டி சுமார் 5.4 மீட்டர் முன்செல்லும். முன்பற்களை 36 ஆகக் குறைத்தால் அத்தொலைவு 4.4 மீட்டராகும். வேகம் குறையும், எனினும், புத்தகப்பையுடன் மேம்பாலம் ஏறும் மாணவியின் கால்களுக்கு உழைப்பு எளிதாகும்.

இரண்டாவது, அடுக்கு. 3 அலகு விட்டமுள்ள திண்மக் கம்பியையும், வெளிவிட்டம் 5 அலகும் உள்விட்டம் 4 அலகும் உடைய குழாயையும் ஒப்பிடுவோம். எடை விட்டத்தின் இருபடியைச் சார்ந்தது. 25 − 16 = 9 என்பதால், ஒரே உலோகத்தாலான, ஒரே நீளமுள்ள இரண்டும் சம எடையுடையன. வளையாமல் நிற்கும் திறனோ விட்டத்தின் நான்காம் படியைச் சார்ந்தது. கம்பிக்கு அது 81; குழாய்க்கு 625 − 256 = 369. எடை கூடாமலே உறுதி நான்கரை மடங்கிற்கும் மேலாகிறது. மிதிவண்டியின் சட்டகம் குழாய்களால் ஆனதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, வடிவியல். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்கள் மாறா. நாற்கரமோ அழுத்தினால் சாயும். ஆகவே, சட்டகம் முக்கோணங்களால் கட்டப்படுகிறது. மாணவியர் எளிதில் ஏறி இறங்குவதற்காக மேற்குழாயைத் தாழ்த்தும்போது உறுதி குறைகிறது. அக்குறையைக் குழாயின் தடிமனாலும் இணைப்புகளின் வலுவாலும் ஈடுசெய்தல் வேண்டும்.

வசதி, எடை, விலை ஆகியவற்றுள் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று மாறும். எவ்வளவு மாறும் என்பதைப் பொருளை உருவாக்கும் முன்னரே கணிதம் உணர்த்திவிடுகிறது. கணக்கில் நேரும் பிழை தாளோடு நின்றுவிடுவதில்லை. சாலையில் அதனைத் தாங்குபவர் வண்டியை ஓட்டுபவரே.