தலையைத் தூக்குங்கய்யா

கம்பம் பள்ளத்தாக்கில் பூச்சிமருந்துக்கு வெறும் ‘மருந்து’ என்றுதான் பேர். திராட்சைப் பந்தலுக்கு மருந்து, நெல்லுக்கு மருந்து, மேலே ஏலத்தோட்டத்துக்கும் மருந்து. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தவர், மனம் உடைந்து அதைக் குடித்தவர், இருவரையும் ஆம்புலன்ஸ் ஒரே வழியில்தான் கொண்டுபோகிறது. உத்தமபாளையம், சின்னமனூர், தேனி தாண்டி, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

முதல் நாள் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். எச்சில் வழியும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், நெஞ்சில் சளி கட்டும். முறிமருந்தான அட்ரோபின் ஏற ஏற எல்லாம் வற்றும். மறுநாள் எழுந்து பேசவும் செய்வார். “தெளிஞ்சிட்டாருல்ல சிஸ்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரவா?” என்று உறவினர்கள் கேட்பது அப்போதுதான்.

போகக்கூடாது. ஏன் என்பதைத் தெளிவாகச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 1987-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் கட்டம் தணிந்த பிறகு, நஞ்சேறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் தளர்ந்துபோயின. 4 பேருக்கு உடனே செயற்கை சுவாசம் வேண்டியிருந்தது. தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. புனேயில் வாடியா என்ற மருத்துவர் 1974-லேயே இதைக் கண்டு குறித்திருந்தார். ‘இன்டர்மீடியட் சிண்ட்ரோம்’ என்ற பெயர் நிலைத்தது இலங்கை மருத்துவர்கள் இருவரால்தான்.

அட்ரோபின் சுரப்பிகளை அடக்கும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அதற்கு வேலையில்லை. அந்த இடம் தானாகத் தேறும்வரை மூச்சை வெண்டிலேட்டர்தான் சுமக்க வேண்டும்.

அந்த 1987 கட்டுரையில் வந்த மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் என்ற பூச்சிமருந்துகள் இரண்டையும் இலங்கை 1995-ல் தடை செய்தது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. ஆராய்ச்சியைவிட அதிக உயிரைக் காத்தது இந்தத் தடை என்றே நினைக்கிறேன். நம் ஊரில் மனம் தளர்ந்தவர்கள் 104 உதவி எண்ணை அழைத்துப் பேசலாம்.

மறுபடி வார்டுக்கு வருவோம். வரப்போகும் தளர்ச்சியை முன்கூட்டியே பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். “தலகாணியில இருந்து தலையை மட்டும் தூக்குங்கய்யா.” தூக்க முடியவில்லையென்றால் மூச்சுத் தசைக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஒரே மூச்சில் எண்ணவும் சொல்வார்கள். காலையில் முப்பதைத் தொட்டவர் மாலையில் பன்னிரண்டில் திணறினால், வெண்டிலேட்டருக்கான குழாய் போட ஆயத்தமாவார்கள்.

நாட்கள் கழித்துக் குழாயை எடுக்கும் முன்பும் அதே வார்த்தைதான். தலை எழும்ப வேண்டும், ஐந்து விநாடி நிற்க வேண்டும்.