கேள்வி கேட்கும் கூட்டங்களும் நோயாளியின் நலமும்

ஒவ்வொரு நோயையும் அதற்குரிய சிகிச்சையையும் விளக்குவது இவ்விதழின் வழக்கம். இம்முறை, எந்த நோயில் துன்புறுவோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவக்கூடிய ஒரு பழக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஊர் நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மாலை வேளையில் இருபது முப்பது பேர் கூடுகின்றனர். துறையறிந்த ஒருவர் அறிவியல் செய்தி ஒன்றை எளிய தமிழில் விளக்குகிறார். பிறகு கூடியிருப்போர் தயக்கமின்றிக் கேள்வி கேட்கின்றனர். இத்தகைய கூட்டங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டுமே உரியவை என்று பலரும் எண்ணுகின்றனர். சிறுநீரக மருத்துவன் என்ற முறையில், நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போர்க்கும் இவை மிகவும் பயன்படும் என்று கருதுகிறேன்.

புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அச்சத்தோடு வருபவர்க்கு அந்நேரத்தில் கேள்வி எழுவதில்லை. எழுந்தாலும் கேட்க நா எழுவதில்லை. கேட்கப்படாத கேள்விக்கான விடை, வீடு திரும்பியபின் பக்கத்து வீட்டாரிடமிருந்தோ கைப்பேசியில் வரும் செய்தியிலிருந்தோ கிடைக்கிறது. "இரத்த அழுத்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்ற செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து காண்கிறோம். கட்டுப்படாத இரத்த அழுத்தமே சிறுநீரகத்தைப் பழுதாக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியின் விலை சில வேளைகளில் அவ்வளவு பெரிதாகி விடுகிறது.

பொதுச் சொற்பொழிவு வந்த வழி

பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவு புதியதன்று. இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் ஃபாரடே, இளம் வயதில் கட்டணம் செலுத்திப் பொதுச் சொற்பொழிவுகளைக் கேட்டார். 1812ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞரின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளைப் புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அதன் வழியே ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் மின்னாக்கியின் அடிப்படை விதியைக் கண்டறிந்தவர் அவரே. அவர் பணியாற்றிய இராயல் நிறுவனத்தில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் நடைபெறுகின்றன. எரியும் மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு அவர் நிகழ்த்திய உரைத்தொடர், எளிய பொருளிலிருந்து பெரிய உண்மையை விளக்குவதற்கு இன்றளவும் முன்மாதிரியாக விளங்குகிறது.

நம் அண்டை மாநிலத்தில் 1962ஆம் ஆண்டு அறிவியல் எழுத்தாளர்கள் சேர்ந்து கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைத் தோற்றுவித்தனர். 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாஞ்சில் நாட்டார்க்கு அவ்வமைப்பு அயலானதன்று. தமிழகத்தில் 1980ஆம் ஆண்டு சென்னையில் அறிவியலாளர்கள் சிலர் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைத் தொடங்கினர். சிறுவர்க்கான 'துளிர்' இதழ் 1987 முதல் வெளிவருகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு குழுவாக ஆராய்கின்றனர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1998இல் தேநீர்க்கடையே மேடையாயிற்று: அறிவியலாளர் சிறிது நேரம் பேசுவார், மீதி நேரம் முழுவதும் கேட்போர்க்கு உரியது. நம்மூர்த் தேநீர்க்கடைகளில் அரசியலுக்கு உள்ள இடத்தை அங்கே அறிவியலுக்கும் அளித்தனர்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே நம் அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

குமரிக் கடற்கரையில் ஒரு கிரகணம்

2010 ஜனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கன்னியாகுமரியின் வழியே சென்றது. அதனைக் காண ஏராளமானோர் குமரியில் கூடினர். இத்தகைய நிகழ்வுகளின்போது நடைபெறும் விளக்கக் கூட்டங்களில் மருத்துவச் செய்திகள் மூன்று அடங்கியுள்ளன.

முதலாவது, கண். கிரகண வேளையில் கதிரவனிடமிருந்து புதிய நச்சுக்கதிர் எதுவும் புறப்படுவதில்லை. எந்நாளிலும் கதிரவனை நேரே உற்றுநோக்கினால் விழித்திரை பழுதடையும். கிரகணத்தன்று உற்றுநோக்கும் ஆவல் மிகுதி. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாமையால், பழுது நேரும்போது வலி தெரிவதில்லை. பல மணிநேரம் கழித்தே பார்வையின் நடுவே கரும்புள்ளி தோன்றும். உரிய வடிகட்டிக் கண்ணாடி வேண்டும் என்று வற்புறுத்துவது இதனாலேயே.

இரண்டாவது, கருவுற்ற பெண்கள். கிரகண நிழல் கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பிளவுபட்ட உதடு போன்ற குறைகள், கிரகணமே காணாத நாடுகளிலும் ஆண்டுகளிலும் பிறக்கும் குழந்தைகளிடம் காணப்படுகின்றன.

மூன்றாவது, பட்டினி. அன்றைய கிரகணம் நண்பகலை ஒட்டிய சில மணிநேரம் நீடித்தது. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர், கிரகணம் முடியட்டும் என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை தோன்றி, நினைவிழப்பு வரை செல்லலாம். நம்பிக்கை காரணமாக உணவு நேரத்தை மாற்ற விரும்புவோர், முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்து மருந்தளவு பற்றி அறிந்துகொள்வது இன்றியமையாதது.

கிரகணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் ஏப்ரல் 2ஆம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நண்பகல் சுமார் 12.20 மணியளவில், செங்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இதனை நிழலில்லா நாள் என்பர். அக்டோபர் 2 நண்பகலில் காந்தி நினைவு மண்டபத்தின் கூரைத் துளை வழியே அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் ஒளி விழுவதை நாம் அறிவோம். கதிரவன் ஆண்டுதோறும் தெற்கும் வடக்குமாகச் செல்வதால், மார்ச் 2ஆம் வாரத்திலும் நண்பகலில் அதே உயரத்தில் நிற்கும். அப்போதும் ஒளி அவ்விடத்தில் விழுமா என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், அதுவே நல்ல அறிவியல் கேள்வி. நேரில் சென்று பார்த்து விடை காணவும் இயலும்.

பாம்புக்கடியும் ஒப்பீடும்

இருள் பிரியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டச் செல்வோரும், வயலில் உழைப்போரும் வாழும் மாவட்டம் நம்முடையது. ஆகவே, இங்கு நடைபெறும் எந்தச் சுகாதாரக் கூட்டத்திலும் பாம்புக்கடி பற்றிய கேள்வி எழும். "பச்சிலை கொடுத்துப் பலர் பிழைத்திருக்கிறார்களே?" என்பது அவற்றுள் முதன்மையானது. கேட்பவரை நகைப்பது முறையன்று. அவர் கண்ணால் கண்டதைத்தான் கூறுகிறார்.

இதற்கு விடை காண, "எதனோடு ஒப்பிட்டோம்?" என்று கேட்க வேண்டும். கடிக்கும் பாம்புகளுள் பல நஞ்சற்றவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கிறது. அத்தகைய கடி பெற்றவர் பச்சிலை உண்டாலும் பிழைப்பார். எதுவும் உண்ணாவிட்டாலும் பிழைப்பார். பிழைத்தவர் ஊரார்க்குக் கதை சொல்கிறார், இறந்தவர் சொல்வதில்லை. இவ்வொரு கருத்து மனத்தில் பதிந்துவிட்டால், விளம்பரங்களில் வரும் "நூறு பேர் குணமடைந்தனர்" என்ற கூற்றையும் அதே அளவுகோலால் நாம் அளந்து பார்ப்போம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக நம் நாட்டின் நஞ்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. சிறிதளவு நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இம்மருந்தை உருவாக்குகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் வாழும், மூக்குநுனி மேல்நோக்கிய குழிவிரியன் இனத்துக்கு இம்மருந்து பயன் தராது. அதன் கடியும், கண்ணாடி விரியன் கடியும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை.

மருத்துவமனையில் உறவினர்க்குச் சினமூட்டும் ஒரு காட்சி உண்டு: "கடிபட்டு வந்தவருக்கு உடனே ஊசி போடாமல் இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்." அக்காத்திருப்பே ஒரு பரிசோதனை. தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பர். இரத்தம் உறையாமல் ஓடினால், விரியன் நஞ்சு உறைதலைக் கெடுத்துவிட்டது என்று பொருள். குதிரைக் குருதியிலிருந்து வரும் மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆதலின் நஞ்சேறியதற்கான அடையாளம் கண்டபின்பே அது செலுத்தப்படுகிறது. கட்டுவிரியன் உறக்கத்தில் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலிருக்கலாம். வயிற்றுவலியும், கண்ணிமை தாழ்வதும் முதல் அறிகுறிகளாக வரும். இவற்றையெல்லாம் அமைதியான ஒரு மாலையில் முன்னரே கேட்டறிந்த குடும்பம், நெருக்கடி வேளையில் மருத்துவருக்குத் துணையாக நிற்கும்.

முதலுதவியாகச் செய்ய வேண்டியவை: கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள், மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் செய்யுங்கள், 108 ஊர்தியை அழையுங்கள். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கு விளைவிக்கும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்று நேரத்தை இழக்க வேண்டா.

நல்ல கூட்டத்தை அறிவது எப்படி?

சொற்பொழிவு என்ற பெயரில் நடப்பவை அனைத்தும் ஒரே தரத்தின அல்ல. பேச்சாளர் கேள்விக்குப் போதிய நேரம் ஒதுக்குகிறாரா, விடை தெரியாதபோது தெரியாது என்று கூறுகிறாரா, தம் கூற்றுக்குரிய சான்றைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். கூட்டத்தின் முடிவில் மருந்துப் புட்டியோ கருவியோ விற்கப்படுமானால், அது வணிகக் கூட்டம் என்று அறிந்து விலகுங்கள்.

அங்கு கேட்கப் பழகிய கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள். 'இந்நோய் எனக்கு இருப்பது எப்படித் தெரிந்தது? இம்மருந்தால் எதிர்பார்க்கும் பயன் என்ன? தீங்கு என்ன? வேறு வழி உண்டா? இப்போது எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?' இவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளோடு கொண்டுவாருங்கள். தாளைப் பார்த்து எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார். அதே வேளையில், பொதுக்கூட்டத்தில் கேட்ட செய்தி எல்லோர்க்கும் பொதுவானது. உங்கள் உடலுக்கு அது பொருந்துமா என்பதை உங்களைப் பரிசோதித்தவரே கூற இயலும். கூட்டத்தில் கேட்டதை வைத்து மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ கூடாது.

நோயாளியைப் பராமரிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். மாதக்கணக்கில் வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைவோரின் உலகம் சுருங்கிவிடுகிறது. மாதத்தில் ஒரு மாலை, நோயைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பலரோடு அமர்ந்து கேட்பது மனத்துக்கு மாறுதல் தரும். இரத்தச் சுத்திகரிப்பு பெறுவோரும் உடல்நிலை இடங்கொடுக்குமாயின் வரலாம். சிகிச்சை இல்லாத நாளைத் தேர்ந்தெடுத்து, மாத்திரையையும் உணவு நேரத்தையும் தவறவிடாமல், அளந்த நீரையே பருகி வரவேண்டும். வெளியே செல்ல இயலாதவர்கள், பிப்ரவரி மாதத்து முன்னிரவில் தெற்கே நோக்கினால் ஒளிமிக்க அகத்திய விண்மீனை முற்றத்திலிருந்தே காணலாம். பேரப்பிள்ளைக்கு அதைக் காட்டுவதும் சிறியதோர் அறிவியல் கூட்டமே.

உங்கள் ஊரில் இத்தகைய கூட்டம் இல்லையெனில் தொடங்குவது எளிது. பத்துப் பேர், ஊர் நூலகத்தில் ஓர் அறை, அரை மணிநேரம் பேச ஒருவர், ஒரு மணிநேரம் கேள்விக்கு. முதல் கூட்டத்துக்குப் பாம்புக்கடியையோ சர்க்கரை நோயையோ பொருளாக வைத்துக்கொண்டால், மருத்துவர் ஒருவரை அழைப்பதும் எளிது. தயங்காமல் அழையுங்கள்.