நனைந்தால் நிற்கும், காய்ந்தால் சாயும்

நார்வேயின் பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த ஊரின் துறைமுகக் கரையில் வரிசையாக நிற்கும் பழைய மரக் கட்டடங்கள், அண்மைக் காலம்வரை தண்ணீர் போதாமல் சரிந்துகொண்டிருந்தன.

அந்த வரிசைக்கு பிரிகென் என்று பெயர். ஹான்சா என்ற ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பு 1360 வாக்கில் இங்கே தன் அலுவலகத்தை நிறுவி, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. சரக்கு என்ன தெரியுமா? கருவாடு. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் உலர்த்தி இங்கே கொண்டுவருவார்கள். பதிலுக்குத் தானியம் போகும். கருவாடு கெடாமலிருக்க அதிலிருந்த நீர் போக வேண்டும். அதை அடுக்கிவைத்த கட்டடம் கெடாமலிருக்கவோ, அடியில் நீர் தங்க வேண்டும்.

தீக்குப் பயந்து இந்தக் கட்டடங்களுக்குள் அடுப்பே மூட்டவில்லை. நார்வேக் குளிரில்! சமைக்கவும் குளிர்காயவும் பின்புறத்தில் தனிக்கூடங்கள். மதிப்புள்ள பொருள்களுக்குக் கல்லால் கட்டிய அறைகள். அப்படியும் தீ விடவில்லை. 1198, 1248 என்று பல முறை எரிந்தது. 1702-இல் ஊரின் பெரும்பகுதியே சாம்பலானது. இன்று பார்ப்பவை அதன்பின் பழைய அமைப்பிலேயே எழுப்பியவை.

ஒவ்வொரு முறையும் சாம்பலை நிரவிவிட்டு அதன்மேலேயே கட்டினார்கள். கப்பல்கள் பெருக்கப் பெருக்க ஆழமான நீர் தேவைப்பட்டது. மரத்தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கடலில் இறக்கி, கல்லும் குப்பையும் கொட்டிக் கரையை முன்னே தள்ளினார்கள். ஆக, நிலம் என்று நாம் மிதிப்பதே பழைய மரமும் சாணமும் மரச்செதில்களும்தான்.

1955-இல் வரிசையின் ஒரு பகுதி மீண்டும் எரிந்தபோது, அஸ்பியோர்ன் ஹெர்தெய்க் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டத் தொடங்கினார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சாம்பல் அடுக்குகள் அவருக்கு நாட்காட்டியாயின. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தைப் பொறித்த ஏறக்குறைய 670 பொருள்களும் கிடைத்தன. பல வெறும் குச்சிகள். சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு ஒன்று. ‘வீட்டுக்கு வந்து சேர்’ என்ற பொருளில் கீதா என்ற பெண் சொல்லியனுப்பிய சேதி இன்னொன்று. (ஆம், கிட்டத்தட்ட நம்மூர் கீதாதான்.) கல்லில் செதுக்கிய வீரப்புகழைவிட, யாரோ தூக்கியெறிந்த இந்தக் குச்சிகளில்தான் ஊர் பேசுகிறது.

எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த குச்சி மட்காதது எப்படி? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. முழுக்க நீரில் ஊறிய மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு, ஆக்சிஜன் இல்லாமலும் பிழைக்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக அரிக்கும். முழுக்கக் காய்ந்த மரமும் தப்பிக்கும். ஆபத்து இடைநிலையில்தான்: வேலிக்கால் இற்றுப்போவது எப்போதும் மண்மட்டத்தில் அல்லவா?

பிரிகெனுக்கு நேர்ந்ததும் அதுதான். 1979-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே காலகட்டத்தில், எரிந்த பகுதியில் தரைக்கடியில் இரும்புத் தகட்டுச் சுவர் இறக்கி ஒரு ஹோட்டல் எழுந்தது. பக்கத்து மண்ணின் நிலத்தடி நீர் அந்தப் பக்கமாக வடியத் தொடங்கியது. நீர் இறங்கிய இடத்தில் காற்று புகுந்தது. நூற்றாண்டுகளாக உறங்கிய மட்கல் விழித்துக்கொண்டது. மண்துகள்களுக்கு இடையே இருந்து பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிய நீரும் போய்விட்டதால் நிலம் அமுங்கியது. மோசமான இடங்களில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். கேட்கச் சிறிதுதான், ஆனால் கட்டடம் முழுவதும் ஒரே அளவில் இறங்குவதில்லையே; ஒரு மூலை முந்தினால் சட்டங்கள் முறுக்கிக்கொள்ளும்.

2010-களில் செய்த மருத்துவம் எனக்குப் பிடித்தது, அதில் பகட்டே இல்லை. வடிகால் வழியே கடலுக்கு ஓடிய மழைநீரை, செடி நட்ட பள்ளங்களில் தேக்கி மண்ணுக்குள் இறக்கினார்கள். கண்காணிப்புக் குழாய்களில் நீர்மட்டம் ஏறியது. அமுங்கும் வேகம் வெகுவாகக் குறைந்தது. இற்றுப்போன அடிமரங்களை, வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கித் தச்சர்கள் மாற்றிவருகிறார்கள்.

இப்போது கவலை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. குளிர்காலப் புயலோடு ஓதம் உயரும் நாட்களில் கடல்நீர் கரையேறி முன்வரிசைக் கட்டடங்களின் தரைத்தளத்துக்குள் நுழைகிறது. அடிமரத்துக்கு அந்த நீரால் பெரிய கேடில்லை. காய்ந்தே இருக்க வேண்டிய மேல்மரத்துக்குத்தான் கேடு.