மூளை ஸ்கேனில் தெரியும் இரும்பு



பக்கவாதம் வந்தவர்களுக்கு மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் வருகிறது. அதில் 'ஹீமோசிடெரின்' என்றொரு சொல் இருக்கும். மூளையில் இரும்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கேட்டதும் சில வீடுகளில் பேரீச்சம்பழத்தையும் முருங்கைக்கீரையையும் நிறுத்திவிடுகிறார்கள். இரத்தசோகைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையையே நிறுத்தியவர்களும் உண்டு. அது தவறு.

அந்த இரும்பு சாப்பாட்டிலிருந்து மூளைக்கு ஏறியதல்ல. கசிந்த இரத்தம் விட்டுச்சென்றது. நம் உடம்பில் உள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துக் கசியும்போது வெளியேறிய சிவப்பணுக்கள் சில நாட்களில் சிதைந்து இரும்பை விடுகின்றன. அது அக்கம்பக்கத்து நரம்புச் செல்களைப் பாதிக்கிறது. மிச்சம் ஹீமோசிடெரினாக ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்பு இருக்கும் இடத்தில் அதன் காந்தப்புலம் சற்றே கலையும். எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படம் அதைக் கருப்பாகக் காட்டுகிறது. இதற்குக் கதிர்வீச்சும் இல்லை, ஊசி மருந்தும் தேவையில்லை. ஆனால் கருப்பு உள்ள இடத்தைக் காட்டுமே தவிர, இரும்பு எவ்வளவு என்று சொல்லாது. உண்மை அளவைவிடப் பெரிதாகவும் தெரியும். அளவைக் கணக்கிடும் கியூ.எஸ்.எம். என்ற முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிகளில்தான் இருக்கிறது.

அளந்து என்ன பயன்? இரும்பை வெளியேற்றும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். தலசீமியா நோயாளிகளுக்குத் தரும் டெஃபெராக்ஸமினை அமெரிக்காவிலும் கனடாவிலும் மூளைக்கசிவு நோயாளிகளுக்கு மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து, மருந்து பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆகவே 'இரும்பை எடுக்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று நமக்குப் பயன்படுவது வேறொன்று. அறிகுறியே இல்லாமல் நடந்த சிறு கசிவுகளும் இந்தப் படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். உயர் இரத்த அழுத்தம் அதற்கு முக்கியக் காரணம். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தை முடிவு செய்யும்போது டாக்டர் இந்தப் புள்ளிகளையும் கவனிப்பார். ஆதலால் பழைய ஃபிலிமையும் சி.டி.யையும் பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். பிரஷர் மாத்திரையை நோன்பிலும் விடக்கூடாது. சஹருக்கா இஃப்தாருக்கா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ இந்தப் படத்தைத் தேடி அலையாதீர்கள். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். கசிவு இருக்கிறதா என்பதை அதுவே காட்டிவிடும். அடைப்பாக இருந்தால் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கசிவாகவும் இருக்கலாம் என்பதால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.